பேசாத ஜி

22 ஜனவரி 1958, புதன்

இன்று காலை என் பற்கள் அடித்த தந்தி பெரியகுளம் தபாலாபீசில் பதிவாகியிருக்கும். அப்படியொரு குளிர். கோடைக்கானல் ஏழு ரோட்டு முக்கில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்தேன். மனு எழுத வந்தவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கும் விரல் விறைத்துப்போய், கைநாட்டு வைக்கவே கால் மணி நேரமாயிற்று.

மளிகைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பதில் ஒரு பேராபத்து உண்டு என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு நான் பழனி போயிருந்த நாலு நாளில், கீழே கல்லாப்பெட்டி மேல் மறந்து வைத்துவிட்டுப் போன என் ஆங்கில அகராதியைக் கடைக்காரர் பாவா முன்பக்கத்திலிருந்து கிழித்துக் கிழித்துக் கடுகும் சீரகமும் மடித்துக் கொடுத்திருக்கிறார்.

“அட்டை இல்லாமக் கெடந்துச்சுண்ணே. அட்டை இல்லாத புஸ்தகத்துக்கு நான் என்ன மரியாதை குடுக்கிறது?” என்கிறார்.

ஏ, பி போய்விட்டன. சி-யும் போய்விட்டது. இனி என் ஆங்கிலம் டி எழுத்தில்தான் தொடங்கும். மலை மேல் மனு எழுதும் ஒரே மகா பண்டிதனுக்கு வந்த கதி இது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஞாயிறன்று பூம்பாறைக்குப் பெண் பார்க்கப் போகிறோம். தங்கை சுந்தராம்பாளின் ஒரே மகன் ஞானவேலுக்கு. பூண்டு விவசாயி திருமலைச்சாமியின் மகள் வள்ளி. ஞானவேல் மயில்பாறை காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். தாண்டிக்குடி மலை வளைவெல்லாம் அவன் உள்ளங்கை ரேகை. அப்படிப்பட்டவன் பூண்டு மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவே பஸ்ஸில் போய் இறங்குவதா? இந்தச் சேனாதிபதியின் மருமகன் ஜீப்பில்தான் போக வேண்டும்.

இன்று தபாலாபீஸ் வாசலில் எஸ்டேட் மானேஜர் தங்கையாவைப் பார்த்தேன். “குட் மார்னிங் சார்” என்றேன். அவர் தலையை அசைத்தார். அந்த அசைவைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் புரியும். ஒரு ஜீப்பையே கொள்ளக்கூடிய அசைவு அது.


23 ஜனவரி, வியாழன்

ஞானவேலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ‘மானேஜரிடம் பேசியாயிற்று. ஜீப்பை எடுத்துக்கொண்டு வா.’


27 ஜனவரி, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. முழங்கையில் வீக்கம். இன்று எழுதுகிறேன்.

குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டுக்கு விடுமுறை. மானேஜர் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தார். ஞானவேல் வெள்ளனே தாயாரை ஏற்றிக்கொண்டு வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டான். ஜீப் பூம்பாறைக்குள் நுழைந்தபோது ஊரே திரண்டது. மூவாயிரம் பேர் இருப்பார்கள். (ஊரில் அத்தனை பேர் இல்லை என்று சுந்தராம்பாள் சொல்வாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். வளைவு கண்டால் அவளுக்குத் தலை சுற்றும்.)

திருமலைச்சாமி நல்ல மனிதர், எதையும் இரண்டு தரம் கேட்கிறவர். “வண்டி சொந்தமா?” என்றார். எஸ்டேட் வண்டி என்றேன். “எஸ்டேட் வண்டிய எப்படித் தந்தாக?” என்றார். அங்கேதான் என் நாக்குக்குச் சிறகு முளைத்தது. மானேஜரே என்னை வீட்டுக்கு அழைத்து, நாற்காலி போட்டு, சாவியைத் தன் கையால் என் கையில் வைத்து, ‘சேனாதிபதி, ஞானவேல் பஸ்ஸில் போனால் இந்த எஸ்டேட்டின் மானம் என்னாவது’ என்று கண் கலங்கினார் என்றேன். திருமலைச்சாமியின் முகம் மலர்ந்தது. வேலையில் இவ்வளவு செல்வாக்குள்ள பையன் என்றால் சரி, வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பெண் காப்பி கொண்டுவந்தாள். தேவலோகத்தில்கூட அந்தக் காப்பி வியாழக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். சுந்தராம்பாள் அவளிடம், “இவரு எங்க அண்ணன். நாளைக்கு ஒனக்குப் பெரியப்பா மொறை ஆகணும்” என்றாள். பெண் என்னை ஒரு பார்வை பார்த்து, “சீனி போதுமாங்கய்யா?” என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது, ஊர் எல்லை வளைவில் ஒரு பசு. காண்டாமிருகத்தில் முக்கால் இருக்கும். குறுக்கே பாய்ந்தது. ஜீப் சாலையை விட்டுப் பூண்டு வயலில் இறங்கி, கல்வரப்பில் முட்டி நின்றது. ஒரு ஹெட்லைட் போயிற்று. மட்கார்டு அப்பளமாய் நசுங்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

ஞானவேல் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “மாமா, மானேஜர்ட்ட நெசமாவே கேட்டீங்களா?”

“கேட்டேன்லே. காத்து பலமா அடிச்சுது. அவரு காதுல எப்படி விழுந்துச்சோ” என்றேன்.

அதற்கப்புறம் அவன் பேசவில்லை. கோடைக்கானல் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.


28 ஜனவரி, செவ்வாய்

மானேஜர் திரும்பிவிட்டாராம். ஜீப் கொட்டடியில். ஞானவேல் வீட்டில்.


31 ஜனவரி, வெள்ளி

ஞானவேல் மத்தியான பஸ்ஸில் வந்தான். கையில் மெமோ. ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். படித்துச் சொல்லச் சொன்னான்.

யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தது, களவுக்குச் சமம். சேதப்படுத்தியது வேறு. பன்னிரண்டாம் தேதி விசாரணை. அதற்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கடைசி வரிதான் கருப்பொருள்: உனக்கு ஏன் இன்ன தண்டனை கொடுக்கக் கூடாது? அந்த ‘இன்ன’ இருந்த இடத்தில் ஒரு சொல். நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத சொல். சி, ஓ, என், டி, ஐ, ஜி, என்.

சி எழுத்து. என் சி எழுத்து முழுவதும் இந்த ஊர் அடுப்படிகளில் சிதறிக் கிடக்கிறது.

“என்ன போட்டிருக்கு மாமா?” என்றான்.

சொல்லுக்குப் பயந்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டுமா? உரக்கப் படித்தேன். கண்-டிக்-ன். இன்னொரு தரம் படித்தேன். கண்டிக்ன். உடனே மூளைக்குள் ஆயிரம் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்தது. கண்டிக்க. நம்முடைய ‘கண்டிக்க’. மிளகைக் கொண்டுபோனான், ஏலக்காயைக் கொண்டுபோனான், போகிற போக்கில் இந்தச் சொல்லையும் கப்பலேற்றியிருக்கிறான் வெள்ளைக்காரன்.

“ஏலே, பயப்படாத. கண்டிக்கிற தண்டனைன்னு போட்டிருக்கு. கூப்பிட்டுவச்சு நாலு வார்த்தை ஏசுவாரு. அவ்வளவுதான்.”

“களவுன்னு எழுதியிருக்குன்னீங்களே?”

“அது முன்னால. இது கடைசி. கடைசியில எழுதுறதுதான் சட்டம்.”

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு சொன்னான்: “யாரு சொல்லி எடுத்தேன்னு கேட்டாரு மாமா. நான் சொல்லல. ஒங்க பேர இழுக்க மாட்டேன். நீங்க பாத்து எழுதிருங்க.”

எழுதுகிறேன் என்றேன்.


1 பிப்ரவரி, சனி

எழுதிவிட்டேன். டைப்ரைட்டர் புகைந்தது. ஞானவேல் பெயரில், ஆங்கிலத்தில்: ‘மேன்மை தங்கிய ஐயா, தாங்கள் குறிப்பிட்ட கண்டிக்ன் தண்டனையை அடியேன் மனமுவந்து வரவேற்கிறேன். அதில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் என் உள்ளம் ஆறாது. அதைத் தவிர வேறு எந்தத் தண்டனையும் எனக்கு வேண்டாம் என்று தங்கள் பாதாரவிந்தங்களில் மன்றாடுகிறேன்.’ வேறு தண்டனை கொடுக்க வழியே இல்லாமல் எல்லாக் கதவையும் அடைத்திருக்கிறேன்.

பசுவுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி.

ராத்திரி இங்கேயே தங்கிய ஞானவேல் கையெழுத்துப் போட்டதும் பதினொரு மணித் தபாலில் சேர்த்தேன். பாவாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர், “இங்கிலீஷு எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா கேக்கையில ரொம்ப அழுகாச்சியா இருக்கு” என்றார். பாராட்டுத்தான்.


4 பிப்ரவரி, செவ்வாய்

என் காலம் முடிந்தது.

நாவிதர் கடையில் அழகுமலையைப் பார்த்தேன். சப்-ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி முகத்தில் சோப்பு நுரை. சும்மா, என் வெற்றியைச் சொல்லலாம் என்று, கண்டிக்ன் என்ற சொல்லை அவிழ்த்துவிட்டேன்.

“எழுத்தச் சொல்லும்” என்றார். சொன்னேன். “அது ‘கண்டைன்’யா. ஜி வாயே தெறக்காது. எங்க பாத்தீரு?”

“ஒரு மெமோவில்.”

நாவிதரின் கையை விலக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். “என் சர்வீஸ்ல அத ரெண்டு ஃபைல்லதான் பாத்திருக்கேன். ஒருத்தனுக்கு வேலை போச்சு. இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போனான். படுபயங்கரமான வார்த்தை. யாருக்கு வந்திருக்கு?”

யாருக்கோ என்றேன். எழுந்து வந்துவிட்டேன். எனக்கு முடி வெட்டவில்லை. ஏரியைச் சுற்றினேன். திரும்பவும் சுற்றினேன்.

நான் என்ன எழுதினேன்? ஒரு குன்றிமணி குறைந்தாலும் உள்ளம் ஆறாது. சொந்தத் தங்கை மகனின் கழுத்தில் சுருக்கை மாட்டி, இன்னும் இறுக்குங்கள் என்று பாதாரவிந்தங்களில் மன்றாடியிருக்கிறேனே. அய்யோ, என்னத்தடா செஞ்சு வச்ச சேனாதிபதி.

ஒருவேளை அழகுமலைக்கும் தெரியாதோ? பத்திரம் பதிகிறவருக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும்?

அகராதியைப் பார்க்க வேண்டும். என் அகராதியை.


5 பிப்ரவரி, புதன்

இன்று மனு எழுதவில்லை. கடைத்தெருவில் கதவு கதவாய்ப் போனேன். “பாவா கடையில் வாங்கிய கடுகு மடித்த காகிதம் இருக்கிறதா?” எல்லாரும் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். பாவாவின் மனைவி பதுருன்னிசா அடுப்படியிலிருந்து நாலு காகிதம் கொடுத்தார். மூன்று ஏ. ஒன்று பி.

ரொட்டிக் கடையில் அரைத் தாள் கிடைத்தது. சி தான். விரலை ஓட்டினேன். ‘கண்டென்ஸ்’ இருந்தது. ‘கண்டெஸென்ட்’ இருந்தது. அடுத்த வரியில் காகிதம் கிழிந்திருந்தது. மீதி எங்கே என்றேன்.

“அதுல பெருங்காயம் வச்சிருந்தேன். எலி கொண்டுபோயிருச்சு” என்றார்.

இந்த மலையில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த ஜீவன் ஓர் எலி மட்டும்தான்.

பாவா சாயங்காலம் மேலே ஏறி வந்து வாசற்படியில் நின்றார். “அண்ணே, ஒரு வார்த்தைக்கா இவ்வளவு அலையிறீங்க? நான் கிழிச்சதாலதானே? என்னைய ஏசிருங்க. மனசு ஆறிரும்” என்றார்.

ஏசத் தோன்றவில்லை. கடுகு மடித்ததா ஜீப்பை எடுத்தது?


6 பிப்ரவரி, வியாழன்

ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் வாசகசாலைக்குப் போனேன். அங்கே ஒரு அகராதி இருக்கிறது. இரண்டு பாகம். தூக்கிவைக்க எட்டு யானை வேண்டும். அதைக் காவல் காக்கும் சண்முகசுந்தரி அம்மாள் என் கையைப் பார்த்தார். “மையைத் துடைச்சுட்டுத் தொடுங்க” என்றார். துடைத்தேன். நம்பிக்கை வராமல் தானே பக்கத்தைப் புரட்டினார்.

“இந்தா இருக்குங்க. கண்டைன். ஜி-யைச் சொல்லக் கூடாது. தகுந்த, செஞ்சதுக்கு ஏத்த, அப்படின்னு அர்த்தம்.”

“பயங்கரமான தண்டனை இல்லையா?”

“நெறயப் பேரு அப்படித்தான் நினைச்சுக்கிறாக. பெரிய குத்தத்துக்கே இதைப் போட்டுப் போட்டு, கேட்டாலே பயம் வந்துருச்சு. ஆனா அது அர்த்தம் இல்ல.”

“அப்போ லேசான தண்டனையா? ஏச்சு மாதிரி?”

“அதுவும் இல்லைங்க. அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரின்னு வச்சுக்கங்களேன். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.” விரலை இன்னும் கீழே ஓட்டினார். “முந்தியெல்லாம் புகழுக்கும் இதைப் போட்டிருக்காக. தகுந்த புகழ்னு. அந்தப் பழக்கம் உதுந்துபோச்சாம். இப்ப தண்டனைக்கு முன்னால மட்டும்தான் வரும். காப்பிக்கு, மழைக்கெல்லாம் போட முடியாது.”

அப்பாடா என்று மூச்சு வந்தது. அப்படியானால் நான் எழுதியது தவறே இல்லை. தகுந்த தண்டனை கொடுங்கள், குறையவும் வேண்டாம், வேறும் வேண்டாம். இலக்கணப்படி அப்பழுக்கில்லாத வாக்கியம். குருடன் அம்பு விட்டு மாங்காய் விழுந்திருக்கிறது.

“செஞ்சதுக்கு ஏத்த தண்டனைன்னா” என்று இழுத்தேன், “யாரு செஞ்சதுக்கு?”

அம்மாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “இது என்னங்க கேள்வி? செஞ்சவரு செஞ்சதுக்குத்தான்.”

புத்தகத்தை மூடினார். நான் படியிறங்கினேன். எத்தனை படி என்று தெரியவில்லை. மூன்றோ முந்நூறோ.


7 பிப்ரவரி, வெள்ளி

மானேஜரிடம் போக மாட்டேன். போய் என்ன சொல்வது? விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. மானேஜர் மனமிரங்கலாம். அந்தப் பசுவே வந்து சாட்சி சொல்லலாம்.

அந்தப் பசு. சரி, பசுவைப் பற்றி இன்று வேண்டாம்.


8 பிப்ரவரி, சனி

சுந்தராம்பாள் வந்தாள். மடியில் முறுக்கு. எனக்காகச் சுட்டதாம். வீடு அந்த நிலையில் இருக்கும்போது முறுக்கு.

“திருமலைச்சாமி ஆள் விட்டுக் கேட்டாகண்ணே. வேலை நிக்குமா நிக்காதான்னு தெரியட்டும், மத்ததப் பெறகு பேசுவம்னு சொல்லிட்டாக. களவுன்னு பேரு வந்துட்டா யாருதான் பொண்ணு குடுப்பா? அவன் சோறே திங்க மாட்டேங்கிறான். எதையோ முழுங்கி வச்சிருக்கான். எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறான். நீ கேட்டா சொல்லுவான்.”

கடித்த முறுக்கைத் திருப்பி வைத்தேன். மருமகன் பெயரை இங்கிலீஷில் நானே பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தேன். அதுவும் ஜி-யில்தான் தொடங்கும். அங்கேயும் ஜி வாய் திறக்காது. முன்னால் நிற்கும், அடியெல்லாம் வாங்கும், சத்தம் மட்டும் வராது.

இதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுத நினைத்தேன். வேடிக்கையாக வரவில்லை.


9 பிப்ரவரி, ஞாயிறு

சந்தை. தக்காளி பார்க்கிற சாக்கில் நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை, மூன்று நாளாகவே. “ஐயா” என்று ஒரு குரல். வள்ளி. பூண்டுக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திருமலைச்சாமி சற்றுத் தள்ளி எவருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார்.

“முழங்கையில வீக்கம்னு சொன்னாக, இப்ப எப்படி இருக்குங்கய்யா?”

“அது கெடக்கு. இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. இப்ப...”

“எந்த முழங்கை? வலது கையா, இடது கையா?”

வலது கை என்றேன்.

“நீங்க டிரைவருக்கு எடது பக்கம்தானே ஒக்காந்திருந்தீக?” என்றாள். பூண்டை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல். “வளைவுல ஹாரன் சத்தம் கேட்டுச்சு. மாட்டுச் சத்தம் கேக்கல. அது எங்க சித்தப்பா வயலு. அந்தப் பக்கம் நாங்க யாரும் மாடு விடுறதில்ல.”

இந்த நாக்கு தாசில்தாரை மடக்கியிருக்கிறது. ஒரு டெபுடி கலெக்டரை அழவைத்திருக்கிறது. இன்று அது, பூண்டு என்ன விலை என்று கேட்டது.

“மானேஜர் சாவியக் கையில குடுத்தாருன்னு எங்க வீட்டுல சொன்னீக. அடுப்படியில நின்னு கேட்டேன். இப்ப யாரையும் கேக்காம அவரா எடுத்தாருங்கிறாக. அவரும் பேசாம இருக்காராம். எங்க அய்யா அதுக்குத்தான் யோசிக்கிறாரு. களவுகூட இல்ல. இவ்வளவு ஊமையா இருக்கிறவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்னு.”

“நீ என்ன நினைக்கிற?” என்றேன்.

“ஊமைன்னு நினைக்கல” என்றாள். “ரெண்டு கட்டுப் பூண்டு எடுத்துக்கங்க. நல்ல காரம்.”

வாங்கிக்கொண்டேன். இரண்டு கட்டுப் பூண்டை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வது? மேசைமேல் கிடக்கிறது. அறை முழுக்க வாசம்.


10 பிப்ரவரி, திங்கள்

நாளை போகிறேன். இல்லை, பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கே போகலாம். இல்லை. நாளை.


11 பிப்ரவரி, செவ்வாய்

போனேன்.

பண்ணைக்காடு வழியாகப் பஸ்ஸில் போய், மீதியை நடந்தேன். காப்பிச் செடிக்குள் பழம் எடுக்கிறவர்கள் என்னைப் பார்த்தார்கள். வழியெல்லாம் ஒரு பேருரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கல்லும் கரையும்.

மானேஜர் தங்கையா ஆபீசில் இருந்தார். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவராம். இது முன்பே தெரிந்திருந்தால் பாதாரவிந்தங்களைத் தவிர்த்திருப்பேன். நான் அனுப்பிய கடிதம் மேசையில் இருந்தது.

“உக்காருங்க. இத டைப் பண்ணினது நீங்கதானே? ஏழு ரோட்டுல பாத்திருக்கேன். பதினோரு வருஷமா மெமோ குடுக்கிறேன். கண்டைன் தண்டனைதான் வேணும், கொறைக்காதீகன்னு எழுதிக் கேட்ட மொத ஆளு ஞானவேல்தான். ஒருத்தனுக்காவது அர்த்தம் தெரிஞ்சிருக்கேன்னு எனக்கு ஒரு நாள் பூரா சந்தோசம்.”

“அர்த்தம் தெரியாமத்தான் எழுதினேன் சார்” என்றேன். பேருரையில் இல்லாத வாக்கியம். அதற்கப்புறம் பேருரை வரவில்லை. தபாலாபீஸ் வாசல், தலையசைப்பு, நான் சொல்லி அனுப்பியது, முழங்கை, எல்லாம் முன்னும் பின்னுமாய்க் கொட்டியது.

அவர் கேட்டு முடித்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளினார். “எழுதிக் குடுங்க. தமிழ்லயே.”

எழுதினேன். மூன்று பக்கம். ‘கார்முகில் சூழ்ந்த அந்தக் கொடிய வளைவில், விதியின் இரக்கமற்ற கரம்...’ என்று வந்தது. அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். “கார்முகில் இருந்துச்சா?” இல்லை. அடித்தார். “கொடிய வளைவு?” சாதாரண வளைவு. “சாதாரணமும் வேண்டாம்.” அடித்தார். “விதியோட கையா, ஒங்க கையா?” என் கை. “எழுதுங்க மறுபடி. ஒரு அட்ஜெக்டிவ் இருக்கக் கூடாது. ஒண்ணுகூட.”

இரண்டாவது தாள் ஒன்றரைப் பக்கம். மூன்றாவது தாளில் ‘பாவியேன்’ என்று ஒரு சொல் இருந்தது. “நீங்க யாருன்னு நான் கேக்கல. என்ன செஞ்சீகன்னு கேட்டேன்” என்று அதையும் அடித்தார். பழனியிலிருந்து கோடைக்கானல் வரை காவடி எடுத்து ஏறினால்கூட இவ்வளவு வியர்த்திருக்காது. நாலாவது தாளைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். அது இது:

‘மானேஜர் அனுமதி கொடுத்தார் என்று ஞானவேலிடம் சொன்னேன். மானேஜர் கொடுக்கவில்லை. நான் கேட்கவில்லை. பூம்பாறை வளைவில் ஊருக்குக் கேட்க வேண்டும் என்று ஹாரன் அடிக்கக் கையை நீட்டினேன். முழங்கை ஸ்டீயரிங்கில் பட்டது. ஜீப் வயலில் இறங்கியது. பசு வரவில்லை. சேனாதிபதி.’

“ஞானவேலுக்கு வேலை இருக்கு” என்றார். “ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சாவியத் தொட்டான். அதுக்கு உண்டு. பத்து நாளு கொட்டடியில ஒக்காந்து, அந்த மட்கார்ட அவனே தட்டி நிமித்தணும். வண்டி ஓட்டக் கூடாது.”

“எனக்கு சார்?”

“நீங்க என் எஸ்டேட்டு ஆளு இல்லையே. நான் என்ன குடுக்க முடியும்?” கொஞ்சம் யோசித்தார். “நான் கண் கலங்கிச் சாவி குடுத்தேன்னு பொண்ணு வீட்டுல சொன்னீகளாமே?”

ஆமாம் என்றேன்.

“எங்க சொன்னீகளோ அங்க போய் இத வாசிங்க. ஒரு வார்த்தை கூட்டாம.”

கொட்டடிப் பக்கமாக வந்தேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோதே மானேஜர் ஆள் விட்டு அவனை வரவழைத்திருக்கிறார்; உள்ளே அதற்குள் சுத்தியல் சத்தம். ஞானவேல் நிமிர்ந்து பார்த்தான். ஆள் இளைத்திருந்தான். “ஏன் மாமா சொன்னீக?” என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “வெரசாப் போங்க. மூணரை பஸ்ஸ விட்டுட்டா நடந்துதான் போகணும்.”

பஸ்ஸை விட்டுவிட்டேன். அவன் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றதால்.


13 பிப்ரவரி, வியாழன்

கால் வீங்கியிருக்கிறது. பாவா வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். “அந்தக் காயிதத்தை மட்டும் கல்லாப்பெட்டி மேல வச்சிராதீங்கண்ணே” என்றார்.

இனி பூம்பாறை போக வேண்டும். தபாலில் அனுப்பினால் என்ன? வாசி என்றுதான் சொன்னார். அவர்களே வாசித்துக்கொள்ளலாமே.


15 பிப்ரவரி, சனி

தபாலில் அனுப்பவில்லை.


16 பிப்ரவரி, ஞாயிறு

பஸ்ஸில் பூம்பாறை போனேன். பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

திருமலைச்சாமி இருந்தார். அவர் தம்பி இருந்தார். வயல் அவருடையது. தாளை எடுத்து வாசித்தேன். திருமலைச்சாமி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“பையன் ஏன் சொல்லல?” என்றார்.

“என் பேரு வரக் கூடாதுன்னு” என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, “நசுங்குன பூண்டு மறுபடி முளைச்சிரும்” என்றார். திருமலைச்சாமி எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வைகாசியைப் புரட்டினார்.

வள்ளி காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். டம்ளரை வாங்க வந்தவள் கேட்டாள்: “காப்பி எப்படி இருந்துச்சு பெரியப்பா?”

“இருந்துச்சு” என்றேன்.

சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். ‘பெரியப்பா’ என்பதில் ஓர் அட்ஜெக்டிவ் இருக்கிறது. நான் போட்டதில்லை, அவள் போட்டது. அடிக்காமல் விடுகிறேன்.